நின்ற லாரி

"நின்னுக்கிட்டிருந்த லாரியில போய் மோதினவனுக்கு எந்தக் கோர்ட்டுல காசு குடுப்பாங்க?"

துறையூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்த அந்தக் குடும்பத்திடம் ஊரில் பலரும் இதைத்தான் சொல்லியிருந்தார்கள். சொன்னவர்களில் ஒருவர் பழைய வக்கீல் குமாஸ்தா. அதனால் சட்டமே அதுதான் என்று இறந்தவருடைய மனைவியின் அண்ணன் முடிவு கட்டிவிட்டார். திருச்சியில் என் அலுவலகத்துக்கு அவர்கள் வந்தது லாரிக்காரர் மேல் வழக்குப் போட அல்ல. கார் முதலாளியிடமிருந்து ஏதாவது வாங்கித் தர முடியுமா என்று கேட்கத்தான்.

விபத்து 2014இல் நடந்தது. கணவருக்கு 37 வயது. ஒரு டிராவல்ஸில் சம்பளத்துக்குக் கார் ஓட்டினார். ஒரு குடும்பத்தை மதுரையில் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். துவரங்குறிச்சி தாண்டி, விராலிமலை வருவதற்குள், விடியற்காலை மூன்றே முக்கால் மணி வாக்கில், நாற்கரச் சாலையில் நின்றிருந்த லாரியின் பின்புறம் கார் மோதியது. 108 வருவதற்குள் உயிர் போய்விட்டது. வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள், அவருடைய தாயார்.

அண்ணன் கொண்டுவந்த மஞ்சப்பையில் முதல் தகவல் அறிக்கையின் நகல் இருந்தது. புகார் கொடுத்தவர் லாரி டிரைவர். குற்றம் சாட்டப்பட்டவர் என்ற இடத்தில் இறந்துபோனவரின் பெயர். இந்திய தண்டனைச் சட்டம் 279, 304ஏ. "காரை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து" நின்ற லாரியில் மோதினார் என்று எழுதியிருந்தது. குற்றவாளியே இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது என்று இறுதி அறிக்கையும் போய்விட்டது. போலீஸ் கணக்கில் விவகாரம் முடிந்தாயிற்று.

அந்த "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" பற்றி ஒரு வார்த்தை. விபத்துப் புகார் எதை எடுத்தாலும் இந்தத் தொடர் இருக்கும். பஸ்ஸுக்கும் அதுதான், மாட்டுக்கொட்டகைப் பக்கம் மெதுவாக உருண்டுபோகிற மொபெட்டுக்கும் அதுதான். எழுதுகிற ஏட்டையா விபத்தைப் பார்த்திருக்க மாட்டார், வேகத்தை யாரும் அளந்திருக்க மாட்டார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள், அதில் 1,68,491 பேர் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். சாவு 17,884. நூற்றுக்கு எழுபதுக்கு மேல் காரணம் அதிவேகம் என்கிறது அதே அறிக்கை. வேகம் கொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கணக்கு காவல் நிலையங்களிலிருந்து மேலே போகிற படிவங்களைக் கூட்டிப் போட்டது. படிவத்தில் ஏறுவது எஃப்.ஐ.ஆரில் உள்ளது. எஃப்.ஐ.ஆரில் உள்ளது மேலே சொன்ன தொடர்.

என் அலமாரியில் இருக்கும் கட்டுகள் வேறு கதைகளையும் சொல்கின்றன. இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவே கண்ணசந்த டிரைவர்கள். அடுத்த திருப்பம் வரைக்கும் போய்ச் சுற்றிவரச் சோம்பல்பட்டு, எதிர்த்திசையில் ஓரமாக வந்துவிடலாம் என்று நினைத்த இருசக்கர வண்டிகள். சென்டர் மீடியன் இடைவெளியில் கை காட்டாமல் திரும்பிய டிராக்டர்கள், பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாத கரும்பு டிரெய்லர்கள். சித்திரை வெயிலில் வெடித்த தேய்ந்த டயர்கள். ஒரு கையில் செல்போன். சொல்லவே வேண்டாத குடி. இவற்றோடு, பழுதாகி நடுச்சாலையில் இரவு முழுக்க இருட்டில் நிற்கிற லாரி. ஓடிய வண்டிதான் தப்பு செய்யும், நின்ற வண்டி செய்யாது என்று நம் ஜனங்களுக்கு ஒரு எண்ணம். இந்த ஒரு எண்ணத்தால் வழக்கே போடாமல் விட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

அன்றைக்கு அவர்கள் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது.

ஒன்று, பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். அவர் சம்பளத்துக்கு ஓட்டியவர், வேலை நேரத்தில் இறந்தவர். தப்பு யார் மேல் என்ற கேள்வியே அங்கே கிடையாது. மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கு உரிய காரணியால் பெருக்க வேண்டும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் அன்றைக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டது அதிகபட்சம் 8,000 ரூபாய். 37 வயதுக்குக் காரணி 192.14. ஆக 7,68,560 ரூபாய். கார் முதலாளியின் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தாக வேண்டும்.

மற்றது, மோட்டார் வாகனச் சட்டம் 166. லாரி உரிமையாளர் மேலும் லாரியின் காப்பீட்டு நிறுவனத்தின் மேலும் போட வேண்டும். இதில் உச்சவரம்பு இல்லை. ஆனால் லாரி டிரைவரின் கவனக்குறைவை நாம் நிரூபிக்க வேண்டும். 1977இல் மினு மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நிரூபிக்கவில்லை என்றால் கையில் ஒன்றும் இருக்காது.

இரண்டையும் சொல்லிவிட்டு, உறுதியான பணத்தை விட வேண்டாம் என்பதுதான் பெரும்பாலான வக்கீல்களின் யோசனையாக இருக்கும் என்றும் சொன்னேன். அண்ணன் உடனே தலையாட்டினார். தாயார் மட்டும், "இருவது வருசமா வண்டி ஓட்டுறான், ஒரு கோழி மேலகூட ஏத்துனதில்லீங்க" என்றார். மனைவி கேட்டது வேறு.

"அவரு மேலதான் தப்புன்னு எழுதியிருக்கே சார், அதை மாத்த முடியுமா? நாளைக்கு எம்பிள்ளைங்க இந்தக் காயிதத்தைத்தான படிக்கும்?"

முதல் வழியில் அதை மாற்ற முடியாது. அங்கே அந்தப் பேச்சே எழாது. எதற்கும் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

விபத்து வழக்கில் சாட்சியைவிட முதல் நாள் எழுதிய காகிதங்கள்தான் எனக்குப் பெரிது. அவற்றை எழுதியவர்களுக்கு அப்போது இழப்பீட்டு வழக்கு மனதில் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி குறித்திருப்பார்கள். பார்வை மகஜர், சம்பவ இடத்தின் மாதிரி வரைபடம், இரண்டு வண்டிகளுக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் கொடுத்த அறிக்கைகள், பிரேதப் பரிசோதனை அறிக்கை. எல்லாவற்றுக்கும் மனுப்போட்டு நகல் வாங்கினோம்.

ஆய்வாளரை டிரைவர்கள் இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். அவருடைய அறிக்கையில் எல்லோரும் படிப்பது கடைசி வரியை மட்டும்: "விபத்து இயந்திரக் கோளாறினால் ஏற்பட்டதல்ல." அதற்கு மேலே, எந்தெந்த இடத்தில் என்னென்ன சேதம் என்ற பட்டியல் இருக்கும். காரின் இடதுபக்க முன்பகுதி நொறுங்கியிருந்தது, வலதுபக்க ஹெட்லைட் உடையவில்லை. லாரியில் பின்புறம் வலது மூலை மட்டும் அடிபட்டிருந்தது. லாரியின் நடு முதுகில் கார் போய்ச் சொருகவில்லை.

மகஜரில் இரண்டு குறிப்புகள். உடைந்த கண்ணாடிச் சில்லுகள் சாலை ஓர வெள்ளைக் கோட்டுக்கு வலப்புறம், தார்ச்சாலையின் மேல் கிடந்தன. லாரியின் தார்ப்பாயில் ஒரு முனை அவிழ்ந்து பின்பக்கம் தொங்கியது. இரண்டையும் எழுதிய அதிகாரி அவற்றுக்கு எந்த அர்த்தமும் கற்பிக்கவில்லை. சில்லுகள் விழுந்த இடம்தான் மோதிய இடம். அது வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, வண்டிகள் ஓட வேண்டிய பகுதியில் இருக்கிறது. தார்ப்பாய் தொங்கினால், பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் அது வெளிச்சத்தைத் திருப்பிக் காட்டாது.

நானும் ஜூனியரும் சம்பவ இடத்துக்குப் போய் டேப் வைத்து அளந்தோம். தார் போட்ட ஓரப்பகுதி ஒன்றரை மீட்டர். லாரியின் அகலம் இரண்டரை மீட்டர். மண்ணில் இறக்காமல் தாரின் விளிம்போடு ஒட்டி நிறுத்தினாலும் ஒரு மீட்டர் லாரி ஓடுபாதைக்குள் நீட்டிக்கொண்டுதான் நிற்கும். ஒரு ஓடுபாதையின் அகலம் மூன்றரை மீட்டர். லாரியின் சக்கரம் மண்ணில் இறங்கியதாக வரைபடத்தில் இல்லை. லாரி டிரைவரின் புகாரில் "ஓரமாக நிறுத்தியிருந்தேன்" என்று இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய ஓரம் அது.

புகாரை மறுபடி படித்தபோதுதான் இன்னொரு வரி கண்ணில் பட்டது: "லாரியில் வயரிங் பழுதாகி நின்றுவிட்டதால் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தேன்."

166இல் போடலாம் என்று அவர்களிடம் சொன்னேன். முடிவை அந்தப் பெண்தான் எடுத்தார்.

சம்பவ இடத்துக்கு எதிரில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் டீக்கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். ஆனால், "கோர்ட்டு கச்சேரிக்கெல்லாம் வரமாட்டேங்க, லாரிக்காரங்கதான் எங்களுக்குச் சோறு போடுறாங்க" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சம்மன் அனுப்பித்தான் வரவழைத்தோம். வந்தவர் சுருக்கமாகவே பேசினார். ராத்திரி பதினோரு மணியிலிருந்து லாரி அங்கேதான் நின்றது, விளக்கு எரியவில்லை, முன்னாலேயே ஒரு பஸ் கடைசி நிமிஷத்தில் ஒடித்துத் திருப்பித் தப்பியது. எஃப்.ஐ.ஆரில் உங்கள் பெயரே இல்லையே என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். "என்னை யாரும் கேக்கலீங்களே" என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க ஒன்றுமில்லை.

நிலா வெளிச்சத்தில் லாரி தெரிந்திருக்கும் என்றும் ஒரு வாதம் வந்தது. விபத்து நடந்தது அமாவாசைக்கு மறுநாள். தினசரி காலண்டர் தாளை எடுத்து நீட்டினேன், அந்த வாதம் அத்தோடு நின்றது.

லாரி உரிமையாளர் ஆஜராகவே இல்லை. எக்ஸ்பார்ட்டி ஆனார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. காப்பீட்டு நிறுவனம் சாதாரணமாகச் சில குறிப்பிட்ட காரணங்களை மட்டுமே சொல்லித் தப்பிக்க முடியும். கவனக்குறைவு யாருடையது என்று முழுமையாக வாதாட வேண்டுமானால் 170ஆம் பிரிவின் கீழ் தீர்ப்பாயத்திடம் அனுமதி வாங்க வேண்டும். அவர்கள் வாங்கினார்கள். அதோடு நிற்காமல் லாரி டிரைவரையும் சாட்சியாகக் கூட்டிவந்தார்கள். இம்மாதிரி வழக்குகளில் டிரைவரைக் கூண்டில் ஏற்றுவது அபூர்வம். எஃப்.ஐ.ஆர். அவர்கள் கையில் இருந்ததால் வந்த தைரியம்.

நாமக்கல் பக்கத்து மனிதர். ஐம்பதை நெருங்கியவர், கோர்ட்டுக்காகச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். பார்க்கிங் லைட் எரிந்துகொண்டிருந்தது என்று பிரமாண வாக்குமூலத்தில் சொல்லியிருந்தார். குறுக்கு விசாரணையில் வேகம், தூக்கம் எதைப் பற்றியும் நான் கேட்கவில்லை.

"வண்டி எதனால நின்னுச்சு?"

"வயரிங் போயிருச்சுங்க. ஸ்டார்ட்டே எடுக்கல."

"போலீஸ்லயும் அதைத்தான் சொன்னீங்க?"

"ஆமாங்க."

"மெக்கானிக் வந்தாரா?"

"காலையிலதான் வர முடியும்னுட்டாருங்க. ஓனர் வண்டியை விட்டு நகராதன்னாரு."

"பதினோரு மணிக்கு வயரிங் போச்சு. மூணே முக்காலுக்குப் பார்க்கிங் லைட் எதுல எரிஞ்சுது?"

அவர் காப்பீட்டு நிறுவன வக்கீலைப் பார்த்தார். "அங்க பாக்காதீங்க, கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"கொஞ்ச நேரம் எரிஞ்சுதுங்க."

அந்தப் பதிலை அப்படியே பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன். பிறகு, முக்கோண எச்சரிக்கைப் பலகை வைத்தீர்களா என்று கேட்டேன்.

"பின்னாடி நாலு கல்லும் ஒரு செடிக்கொத்தும் வெச்சேங்க."

நெடுஞ்சாலையில் இரவு போகிற எவருக்கும் அந்த நாலு கல்லும் செடிக்கொத்தும் தெரியும். வண்டி சரியானதும் லாரி போய்விடும், கல் மட்டும் அங்கேயே கிடக்கும். அடுத்த இருசக்கர வண்டிக்காரருக்கு அது எமன்.

அந்த டிரைவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கிரேன் வைத்து இழுத்தால் செலவு என்று முதலாளி கணக்குப் பார்க்கிறார். டிரைவரோ வண்டியை விட்டு நகர முடியாமல், தூங்கவும் முடியாமல் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்காவது தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 1033 என்ற உதவி எண் இருக்கிறது. ஆனால் சட்டம் கேட்பது வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவு, மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி பொது இடத்தில் வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது. அப்போது அமலில் இருந்த 1989ஆம் ஆண்டின் சாலை ஒழுங்குமுறைகளும் அதையே சொல்லியிருந்தன. வண்டி பழுதானது டிரைவரின் குற்றமல்ல. பழுதான வண்டியை ஐந்து மணி நேரம் இருட்டில் ஓடுபாதைக்குள் நிற்க விட்டதுதான் கவனக்குறைவு.

எதிர்த்தரப்பின் பலம் ஒன்றே ஒன்றுதான்: காரின் பிரேக் தடம் சாலையில் இல்லை. டிரைவர் தூங்கிவிட்டார் என்பது அவர்கள் வாதம். இருட்டில் நின்றதைக் கடைசிக் கணம் வரை பார்க்க முடியவில்லை, பிரேக் அடிக்க நேரமே இல்லை என்பது என் வாதம். தடம் இல்லாத சாலை இரண்டையும் சொல்லும். அதனால் கணக்குப் போட்டுக் காட்டினேன். வேகம் 80 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால்கூட நொடிக்கு 22 மீட்டர். கண் பார்த்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒன்றரை நொடி, 33 மீட்டர். அதன் பிறகு வண்டி நிற்க இன்னும் 35 மீட்டராவது வேண்டும். ஆக எழுபது மீட்டர் சுமாருக்கு. டிம் அடித்த ஹெட்லைட் சாலையில் நன்றாகக் காட்டுவது நாற்பது, ஐம்பது மீட்டர். விளக்கில்லாத லாரி கண்ணில் பட்டபோதே காலம் கடந்துவிட்டது.

நிரூபிக்க வேண்டிய அளவு பற்றியும் சொல்லியாக வேண்டும். குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று காட்டினால் போதும். 2009இல் பிம்லா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1980இல், நம் ஊர்ப் பஸ் வழக்கு ஒன்றில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இன்னும் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறார். என்.கே.வி. பிரதர்ஸ் எதிர் கருமாயி அம்மாள் என்ற வழக்கு. தாழத் தொங்கிய உயர் அழுத்த மின்கம்பியில் பஸ் உரசி எட்டுப் பேர் அந்த இடத்திலேயே இறந்தார்கள். குற்ற வழக்கில் டிரைவர் விடுதலை ஆகிவிட்டார். அது இழப்பீட்டைக் கட்டுப்படுத்தாது என்றது உச்ச நீதிமன்றம். குற்ற நீதிமன்றத்தின் தீர்ப்பே கட்டுப்படுத்தாது என்றால், ஒரு தரப்பின் புகாரை அப்படியே எழுதிய எஃப்.ஐ.ஆர். எந்த மூலைக்கு?

2017 தொடக்கத்தில் தீர்ப்பு வந்தது. விளக்கு எரியவில்லை, லாரி ஓடுபாதைக்குள் நின்றது, இரண்டையும் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டுவிட்டு, இறந்தவரும் கவனமாக வந்திருக்க வேண்டும் என்று சொல்லி, ஆளுக்குப் பாதி என்று முடித்துவிட்டது. மாத வருமானம் 9,000, சொந்தச் செலவுக்குக் கால்பங்கு கழிவு, பெருக்கம் 15. அந்தக் கணக்கு 12,15,000. மற்ற இனங்களையும் சேர்த்து 14 லட்சம். அதில் பாதி 7 லட்சம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அண்ணன் எழுந்து வந்தார். "அப்பவே அந்த ஏழு அறுபத்தெட்டை வாங்கியிருக்கலாம்ல சார்?" என்றார். வட்டியைச் சேர்த்தால் இது அதிகம்தான் என்று விளக்கினேன். அவருக்கு அது சமாதானமாக இல்லை, எனக்கும் இல்லை.

ஐம்பதுக்கு ஐம்பது என்ற தீர்ப்பைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். சாட்சியங்களை எடைபோட்டு அந்த எண்ணுக்கு வந்தால் குறையில்லை. ஆனால் நின்ற வண்டியில் மோதிய வழக்கு என்றாலே ஆளுக்குப் பாதி என்று ஒரு பழக்கம் வேரூன்றியிருக்கிறது. இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டு நடுவில் கோடு கிழித்தால் நியாயம் ஆகிவிடாது. பங்களிப்புக் கவனக்குறைவு என்று ஒருவர் மேல் சுமத்தினால், அவர் செய்த எந்தச் செயல் விபத்துக்கு எந்த அளவு காரணம் என்று காட்ட வேண்டும். ஒரு பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதாலேயே பங்களிப்புக் கவனக்குறைவு ஆகாது, அந்த மூன்றாவது ஆளால் விபத்து நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் என 2020இல் முகமது சித்திக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதையே.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்தோம். காப்பீட்டு நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு மேல்முறையீடு போட்டது. வழக்கு நிலுவையில் இருந்த காலத்தில் சட்டம் எங்கள் பக்கம் இரண்டு முறை நகர்ந்தது. 2017 அக்டோபர் 31 அன்று பிரணய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கும் எதிர்கால வருமான உயர்வைச் சேர்க்க வேண்டும் என்றது. நாற்பது வயதுக்குக் கீழ் 40 சதவீதம். 2018 பிப்ரவரியில் அர்ச்சித் சைனி வழக்கு வந்தது. இரவில் விளக்கில்லாமல் சாலையில் நிறுத்தியிருந்த கேஸ் டேங்கர் மேல் கார் மோதிய வழக்கு. கார் ஓட்டியவருக்கும் பாதித் தப்பு என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, முழுப் பொறுப்பும் டேங்கருக்கே என்று சொன்ன தீர்ப்பாயத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் மீட்டெடுத்தது. எனக்காகவே எழுதிய தீர்ப்புபோல இருந்தது.

2019இல் இறுதி வாதம். அர்ச்சித் சைனியைப் படித்துக் காட்டி, பிறகு என் எழுபது மீட்டர் கணக்கையும் எடுத்து வைத்தேன். நீதிபதி கேட்டுக்கொண்டே வந்து ஒரு கேள்வி போட்டார்.

"நாற்பது, ஐம்பது மீட்டர்தான் தெரியும்னு சொல்றீங்க. அப்படித் தெரியிற ரோட்டுல, நிக்கிறதுக்கு எழுபது மீட்டர் வேணும்கிற வேகத்துல ஏன் போனார்?"

கணக்கு இரண்டு பக்கமும் வெட்டியது. நாற்கரச் சாலையில் எல்லோரும் அந்த வேகத்தில்தான் போகிறார்கள் என்பது பதில் ஆகாது. ஓடுபாதைக்குள் இருட்டில் ஒரு லாரி நிற்கும் என்று எந்த டிரைவரும் எதிர்பார்க்க மாட்டார், வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தும் வேகத்தில்தான் போக வேண்டும் என்றால் இரவில் யாருமே அறுபதைத் தாண்ட முடியாது என்று சொன்னேன். பாதி ஏற்றுக்கொண்ட முகம் தெரிந்தது.

தீர்ப்பு: லாரி 80, கார் 20. வருமானம் 9,000 என்பதை மாற்றவில்லை. அதன் மேல் 40 சதவீதம் சேர்த்து 12,600. கால்பங்கு கழித்து, 15ஆல் பெருக்கி 17,01,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் நால்வருக்கும் துணை இழப்புக்காகத் தலைக்கு 40,000. ஈமச் செலவுக்கும் உடைமை இழப்புக்கும் தலா 15,000. மொத்தம் 18,91,000. இருபது சதவீதம் போக 15,12,800, மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து ஏழரை சதவீத வட்டியோடு. பிள்ளைகளின் பங்கை அவர்கள் மேஜராகும் வரை தேசிய வங்கியில் வைப்புத்தொகையாகப் போடவும் உத்தரவாயிற்று. காப்பீட்டு நிறுவனத்தின் மேல்முறையீடு தள்ளுபடி.

"அந்த இருவது எதுக்கு சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். நீதிபதியின் கேள்வியை அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். உச்ச நீதிமன்றம் போகலாமா என்று நான் கேட்டதற்கு, "எம்பதுன்னு எழுதியிருக்குல்ல, போதும்" என்றார். நகலை இரண்டு பிரதியாக வாங்கிக்கொண்டார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்கு அந்தக் காரில் பயணிகள் இருந்திருந்தால் அவர்கள் தொகையில் இந்த இருபதைக் கழித்திருக்கக் கூடாது. டிரைவரின் தப்பு பயணியின் தப்பு ஆகாது. இதிலும் தீர்ப்பாயங்கள் தடுமாறுகின்றன. 2024 செப்டம்பரில் சுஷ்மா என்பவர் தொடுத்த வழக்கில், நெடுஞ்சாலையில் விளக்கின்றி விட்டுப்போன லாரியில் கார் மோதியதற்காகப் பயணிகளின் இழப்பீட்டில் பாதியை வெட்டியதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்யும்படி ஆயிற்று.

இப்போது எண்கள் மாறிவிட்டன. 2024 ஜூலை முதல் 279க்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 304ஏக்குப் பதில் 106. தப்பு யார் மேல் என்று பார்க்காமல் கொடுக்கும் தொகை, மோட்டார் வாகனச் சட்டத்தின் புதிய 164ஆம் பிரிவின்படி, மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். எந்த வழியில் போவது என்ற பழைய கேள்வி இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. ஊர்ப் பேச்சைக் கேட்டு அதை முடிவு செய்ய வேண்டாம். எஃப்.ஐ.ஆரில் உங்கள் வீட்டு மனிதரின் பெயர் குற்றவாளியாக இருந்தாலும் அதையும், மகஜர், வரைபடம், இரண்டு வண்டிகளின் ஆய்வாளர் அறிக்கை எல்லாவற்றையும் வாங்கி ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். லாரி நின்ற இடத்தைக் கைப்பேசியில் யாராவது படம் எடுத்திருந்தால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றைத் தள்ளிப்போட முடியாது. 2022 ஏப்ரல் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு, விபத்து நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 166ஆம் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள். அந்த வரம்பை எதிர்த்து வழக்குகள் நடக்கின்றன. அவற்றின் முடிவை நம்பிக் காத்திருக்காமல், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு நகல்களுக்கு மனுப்போட்டுவிடுங்கள்.